மூன்று நாள் ஜூஸ் விரதம்: எப்படித் தொடங்கினால் தாங்கும்?

போன வாரம் தங்கை போன் செய்தாள். "அக்கா, திங்கட்கிழமையிலிருந்து மூன்று நாளைக்கு ஜூஸ் மட்டும்தான். ஒரு நாளைக்கு ஆறு பாட்டில், வீட்டுக்கே வந்துவிடும். பணம் கட்டிவிடட்டுமா?" என்று கேட்டாள். கட்டாதே என்று நான் சொல்லவில்லை. இரண்டு நாள் பொறு, எல்லாவற்றையும் எழுதி அனுப்புகிறேன் என்றேன். இதே காரியத்தை நான் மூன்று தடவை, மூன்று விதமாகச் செய்து பார்த்திருக்கிறேன். முதல் தடவை இரண்டாம் நாள் மதியம் படுக்கையில் விழுந்தேன். இரண்டாம் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தேன். மூன்றாம் தடவைதான் முடிந்த பிறகு "இதை மறுபடியும் செய்யலாம்" என்று தோன்றியது. அவளுக்கு எழுதியதையே கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன்.

ஜூஸ் விரதத்தில் கஷ்டமெல்லாம் முதல் இரண்டு நாளில்தான். அந்த இரண்டு நாளும் எப்படிக் கழியும் என்பதைக் கேரட்டா பீட்ரூட்டா என்பது முடிவு செய்வதில்லை. அதற்கு முந்தைய வாரம் நாம் என்ன செய்தோம் என்பதுதான் முடிவு செய்கிறது. விற்பவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. அவர்கள் முதல் பாட்டிலிலிருந்துதான் பேச ஆரம்பிக்கிறார்கள்.

அந்தத் தலைவலி எங்கிருந்து வந்தது?

மூன்று வருஷத்துக்கு முன், தீபாவளி முடிந்த வாரம். ஒரு வாரமாக அதிரசமும் முறுக்கும் உள்ளே போய் வயிறு கனத்துக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்குக் கடைசி காபி. திங்கட்கிழமை காலை பச்சை நிறத்தில் முதல் பாட்டில். அன்று பகல் நன்றாகவே போனது. இவ்வளவுதானா என்றுகூட நினைத்தேன். சாயங்காலம் ஆறு மணி வாக்கில் கண்ணுக்குப் பின்னால் ஒரு பாரம். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குத் தலை பிளந்தது. குமட்டல், கண்ணுக்கு வெளிச்சம் ஆகவில்லை, பிள்ளைகள் பேசினால் எரிச்சல்.

பாட்டில் அனுப்பிய கடைக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். "நல்ல அறிகுறி மேடம், நச்சு வெளியேறுகிறது, விட்டுவிடாதீர்கள்" என்று பதில் வந்தது. நம்பினேன். இன்னும் நாலு மணி நேரம் அப்படியே படுத்துக் கிடந்தேன். கடைசியில் என் வீட்டுக்காரர் பார்க்கப் பொறுக்காமல் அரை டம்ளர் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். முக்கால் மணி நேரத்தில் தலைவலி போய்விட்டது.

நச்சு வெளியேறியதால் வந்த வலி என்றால் அரை டம்ளர் காபிக்கு எப்படி அடங்கும்? அது காபி இல்லாததால் வந்த வலி. தினமும் காபி குடிப்பவர்கள் சட்டென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும், ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டு நாளுக்குள் உச்சத்துக்குப் போகும், சிலருக்கு ஒரு வாரம்கூட நீடிக்கும். இது மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம். காஃபீன் மூளையின் ரத்தக் குழாய்களைக் கொஞ்சம் சுருக்கியே வைத்திருக்கும். அது இல்லாமல் போனதும் அவை விரிகின்றன, தலை விண்ணென்று தெறிக்கிறது. ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் காஃபீன் போதும், இந்தப் பழக்கம் உடம்பில் ஊறிவிடும். கெட்டியான டிகாஷனில் ஒரு பெரிய டம்ளர் காபியிலேயே அந்த அளவு வந்துவிடும். நான் அப்போது மூன்று டம்ளர் குடித்துக்கொண்டிருந்தேன். என் தங்கை நான்கு.

நச்சு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உடம்பிலிருந்து கழிவை அகற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் இரவு பகலாகப் பார்க்கின்றன. ஜூஸ் குடித்தால் அந்த வேலை கூடுகிறது என்பதற்கு உருப்படியான சான்று இல்லை. 2015-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் அதுவரை வந்த டீடாக்ஸ் ஆய்வுகளை எல்லாம் தேடிப் பார்த்து இதையே சொன்னார்கள். அப்படியென்றால் எதற்கு இந்த விரதம் என்று கேட்கலாம். எனக்கு இது ஒரு நிறுத்தம். பண்டிகை, கல்யாணம், ஆபீஸ் பார்ட்டி என்று வாய் ஓயாமல் ஓடிய பிறகு நாக்கையும் பழக்கத்தையும் கொஞ்ச நாள் கட்டிவைப்பது. எண்ணெய்ப் பலகாரத்தின் மேல் இருந்த இழுப்பு குறைந்தது, ராத்திரி பத்து மணிக்கு ஃப்ரிட்ஜைத் திறக்கும் பழக்கம் விட்டது. அந்தப் பலனுக்காகவே மறுபடி செய்தேன். அதற்கு உடம்பை வதைக்க வேண்டியதில்லை.

காபிக்கு அடுத்தது உப்பு. தினமும் குழம்பு, ரசம், ஊறுகாய், மோர் என்று உப்போடு சாப்பிட்டுப் பழகிய உடம்புக்குப் பழச்சாற்றில் உப்பு என்று எதுவுமே கிடைப்பதில்லை. முதல் நாள் சாயங்காலம் உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டுவதற்குப் பசியைவிட இதுதான் காரணம், அதிலும் வெயில் காலத்தில். 1943 பிப்ரவரியில் பூனா ஆகா கான் மாளிகையில் காந்தி 21 நாள் உண்ணாவிரதம் இருந்தார். தொடங்கும் முன் வைஸ்ராய்க்கு எழுதிய கடிதத்தில், வழக்கமாக உண்ணாவிரதத்தின்போது தண்ணீரில் உப்பு சேர்த்துக் குடிப்பதாகவும், இப்போது உடம்பு வெறும் தண்ணீரை ஏற்க மறுப்பதால் எலுமிச்சை, சாத்துக்குடி வகைச் சாற்றைத் தண்ணீர் இறங்கும் அளவுக்குச் சேர்த்துக்கொள்ளப்போவதாகவும் சொல்லியிருந்தார். பலமுறை பட்டினி கிடந்து பழகியவர் உப்பை விடவில்லை. நாமோ ஆறு பாட்டில் இனிப்பைக் குடித்துவிட்டுத் தலை சுற்றுகிறதே என்கிறோம்.

மூன்றாவது, நேரத்துப் பசி. எட்டரைக்கு இட்லி சாப்பிடுகிறவருக்கு எட்டரைக்குப் பசிக்கும். சாப்பிடாவிட்டால் அது ஏறிக்கொண்டே போகும் என்றுதான் பயப்படுகிறோம். அப்படி நடப்பதில்லை. அலை மாதிரி வந்து, அரை மணி ஒரு மணி நேரத்தில் தணிந்துவிடும். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டாலே முதல் நாளில் பாதி தாண்டியதுபோல.

பாட்டிலா, வீட்டில் பிழிவதா?

பாட்டிலில் ஒரே ஒரு நன்மை, வேலை மிச்சம். சின்ன நன்மை என்று அதைத் தள்ளிவிட மாட்டேன். வேலைக்குப் போகிற, பிள்ளைகள் இருக்கிற பெண்ணுக்கு ஒரு நாளில் ஆறு தடவை ஜூஸ் எடுத்து ஆறு தடவை மெஷினைக் கழுவுவது முடிகிற காரியமில்லை. ஆனால் செலவு அதிகம். நான் வாங்கியபோது மூன்று நாளுக்கு ஐயாயிரம் ரூபாயைத் தாண்டியது. அடுத்த தடவை வீட்டிலேயே செய்தபோது காய்கனிக்கு ஆயிரத்துச் சொச்சம்தான் ஆனது.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது சர்க்கரை. பாட்டில் ஜூஸ் நாக்குக்குப் பிடிக்க வேண்டும் என்பதற்காக, பச்சை நிறத்தில் இருப்பதில்கூடப் பல சமயம் ஆப்பிளோ அன்னாசியோதான் அதிகம் இருக்கும். லேபிளில் முதலில் எழுதியிருக்கும் பொருள்தான் அதில் அதிகம் இருப்பது, அதைப் பார்த்தால் தெரிந்துவிடும். 100 மி.லி. சாற்றில் ஆரஞ்சு, சாத்துக்குடி என்றால் 8, 9 கிராம் சர்க்கரை. ஆப்பிள் என்றால் 10. திராட்சை என்றால் 14, 15. கேரட் 4 கிராம் சுமார். தக்காளியில் அதைவிடக் குறைவு. ஆறு டம்ளர் சாத்துக்குடி, அதாவது ஒன்றரை லிட்டர் குடித்தால் 125 கிராம் சர்க்கரை உள்ளே போகிறது. பழத்தை முழுதாகச் சாப்பிட்டால் இந்தக் கணக்கு வராது. சாறாகப் பிழிந்த பிறகு வரும் சர்க்கரையை உலகச் சுகாதார நிறுவனம் நாம் காபியில் போடும் சர்க்கரையோடுதான் சேர்த்துக் கணக்கிடுகிறது. 2015-ல் அது சொன்ன மேல்வரம்பு, 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு 50 கிராம். முடிந்தால் 25 என்றும் சொன்னது.

இவ்வளவு சர்க்கரை வந்தும் மொத்தக் கலோரி 700-ஐத் தொடுவதில்லை. உட்கார்ந்து வேலை பார்க்கும் பெண்ணுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வகுத்த அளவு 1,660 கலோரி. புரதம் இன்னும் மோசம். 55 கிலோ எடை உள்ளவருக்கு நாளைக்கு 46 கிராம் வேண்டும். ஜூஸில் பத்துப் பன்னிரண்டு கிராம் தேறினால் பெரிது. நார்ச்சத்து சல்லடையிலேயே நின்றுவிடுகிறது. ஆகவே குடித்த அரை மணியில் தெம்பு, அடுத்த ஒரு மணியில் சோர்வு, மறுபடி அடுத்த பாட்டில் எப்போது என்று கடிகாரத்தைப் பார்ப்பது. முதல் தடவை நான் நாள் முழுக்க இதைத்தான் செய்தேன்.

வீட்டில் செய்தால் இதையெல்லாம் மாற்றலாம். ஸ்லோ ஜூஸர் வேண்டும் என்று அவசியமில்லை. சாதாரண மிக்ஸியே போதும், ஒருவிதத்தில் அதுதான் நல்லது. வெள்ளரி, தக்காளி, கேரட், கொஞ்சம் புதினா, சின்னத் துண்டு இஞ்சி, எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு. அரைத்து வடிகட்டாமல், கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குடிக்கலாம். "அப்புறம் அது ஜூஸ் இல்லையே" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இல்லாமல் போகட்டும். நார் உள்ளே இருந்தால் வயிறு இன்னும் கொஞ்ச நேரம் அடங்கியிருக்கும், மூன்றாம் நாள் மலச்சிக்கலும் வராது. காலையில் ஒரே தடவையாக ஒன்றரை லிட்டர் அரைத்து, சுத்தமான கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன். அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே முடித்துவிட வேண்டும். காய்களை நன்றாகக் கழுவுவதில் சோம்பல் கூடாது. வேகவைக்காமல் குடிக்கிற பொருள், இதில் கிருமி இருந்தால் அப்படியே உள்ளே போகும். ரோட்டோரக் கடை ஜூஸ், அந்த ஐஸ், இந்த மூன்று நாளும் வேண்டவே வேண்டாம்.

வீட்டில் செய்பவர்கள் இரண்டு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். முதலாவது சுரைக்காய். நம் ஊரில் ஜூஸ் என்றாலே சுரைக்காயும் வெண்பூசணியும் வந்துவிடும். கசக்கிற சுரைக்காயில் குக்கர்பிட்டசின் என்ற நஞ்சு இருக்கும். அதைப் பச்சையாகச் சாறெடுத்துக் குடித்து ரத்த வாந்தி எடுத்தவர்கள் உண்டு, உயிர் போனதும் உண்டு. 2010-ல் டெல்லியில் அப்படி ஒரு மரணம் நேர்ந்த பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு அமைத்து எச்சரித்தது. அரைப்பதற்கு முன் ஒரு சின்னத் துண்டை வாயில் வைத்துப் பார்க்க வேண்டும், கசந்தால் துப்பிவிட்டுக் காயையே தூக்கிப் போட்டுவிட வேண்டும். கசப்பு உடம்புக்கு நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு குடிக்கும் பழக்கம் நமக்கு உண்டு. பாகற்காய்க்கு அது சரி. சுரைக்காய்க்கு ஆகவே ஆகாது. இரண்டாவது கீரை. பசலை, தண்டுக்கீரை போன்றவற்றில் சிறுநீரகத்தில் படிந்து கல்லாகக்கூடிய ஆக்ஸலேட் என்ற பொருள் அதிகம். பச்சைக் கீரைச் சாற்றைத் தினமும் டம்ளர் டம்ளராகக் குடித்துச் சிறுநீரகம் கெட்டுப் போனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் வந்திருக்கின்றன. கொத்தமல்லி, புதினா ஒரு கைப்பிடி போடுவதில் பயமில்லை. கட்டுக் கட்டாகக் கீரையை அரைப்பதை விட்டுவிடலாம்.

முழுக்க ஜூஸா, ராத்திரி ஒரு வேளை சாப்பாடா?

எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி. என் இரண்டாவது தடவை முழுக்க ஜூஸ், மூன்றாவது தடவை பகலில் ஜூஸ், ராத்திரி ஏழு மணிக்குச் சாப்பாடு. இரண்டுக்கும் முன்னால் காபியைக் குறைத்திருந்தேன், அதனால் இரண்டிலும் பெரிய தலைவலி இல்லை. வித்தியாசம் ராத்திரியில் தெரிந்தது. முழுக்க ஜூஸ் என்றபோது பத்து மணிக்குப் படுத்தால் பன்னிரண்டுக்கு விழிப்பு. கை கால் சில்லிட்டது. இரண்டு தடவை சிறுநீருக்கு எழுந்திருக்க வேண்டியிருந்தது. மறுநாள் காலையில் எழும்போதே அலுப்பு. முதல் நாளைவிட இரண்டாம் நாள் கஷ்டமாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் இந்தத் தூக்கம் கெடுவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ராத்திரிச் சாப்பாடு வைத்துக்கொண்டபோது தூக்கம் கெடவில்லை. பெரிய சாப்பாடு ஒன்றுமில்லை. முதல் நாள் பாசிப்பருப்புப் போட்ட குழைந்த சாதம், மேலே ரசம். இரண்டாம் நாள் இரண்டு இட்லி, பருப்பு நிறையப் போட்ட சாம்பார். மூன்றாம் நாள் சௌசௌ கூட்டும் கொஞ்சம் சாதமும் மோரும். உப்பும் புரதமும் அந்த ஒரு வேளையில் ஓரளவுக்குச் சேர்ந்துவிடுகின்றன. பகலில் பசி வரும்போது "ஏழு மணிக்குச் சோறு இருக்கிறது" என்ற நினைப்பே பெரிய ஆறுதல்.

அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் 2025-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று நேராக இந்தக் கேள்வியோடு பொருந்துகிறது. 14 பேரை எடுத்து, சிலருக்கு மூன்று நாள் ஜூஸ் மட்டும், சிலருக்கு ஜூஸோடு உணவு, சிலருக்குத் தாவர உணவு மட்டும் என்று கொடுத்து, வாயிலும் குடலிலும் இருக்கும் நுண்ணுயிர்கள் எப்படி மாறுகின்றன என்று பார்த்தார்கள். ஜூஸ் மட்டும் குடித்தவர்களிடம்தான் அழற்சியோடு தொடர்புள்ள பாக்டீரியாக்கள் அதிகமாகக் கூடின, குறிப்பாக வாயில். நார் இல்லை, சர்க்கரை மட்டும் போகிறது என்பதே காரணமாக இருக்கலாம் என்றார்கள். 14 பேர் என்பது சின்னக் கூட்டம், இதை வைத்து ஒரேயடியாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனாலும் மூன்று நாள் ஜூஸ் மட்டும் குடித்தால் குடல் சுத்தமாகிவிடும் என்று சொல்கிறவர்களுக்கு இது சாதகமாக இல்லை.

முழு ஜூஸில் எடை அதிகம் குறையுமே என்று கேட்பார்கள். குறையும். எனக்கு மூன்று நாளில் ஒன்றரைக் கிலோ குறைந்தது, அடுத்த எட்டு நாளில் திரும்பி வந்தது. உடம்பு சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து, கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பாடு குறைந்ததும் அது கரைகிறது, தண்ணீரும் கூடவே போகிறது. உப்பு குறைந்ததாலும் கொஞ்சம் தண்ணீர் இறங்கும். கொழுப்பு என்று போனது மிகக் கொஞ்சம்.

அம்மா செய்தது

எங்கள் அம்மா ஜூஸ் கிளென்ஸ் என்ற பேரைக் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் மாதம் இரண்டு ஏகாதசி விரதம் இருந்தார். அதை நினைத்துப் பார்க்கும்போதுதான் அந்த ஏற்பாட்டின் ஒழுங்கு எனக்குப் புரிந்தது. முதல் நாள் தசமியன்று ஒரு வேளைதான் சாப்பாடு. ஏகாதசியன்று பாலும் பழமும் கொஞ்சம் தீர்த்தமும். மறுநாள் துவாதசி காலையில் பாரணை, அதாவது விரதத்தை முடிக்கும் சாப்பாடு, அதில் அகத்திக்கீரையும் நெல்லிக்காய்ப் பச்சடியும் கட்டாயம். அதாவது இறங்குவதற்கு ஒரு நாள், இருப்பதற்கு ஒரு நாள், ஏறுவதற்கு ஒரு வேளை. நாம் ஞாயிறு ராத்திரி பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் திங்கள் காலை கீரை ஜூஸோடு தொடங்குகிறோம்.

முதல் தடவை செய்பவர்களுக்கு மூன்று நாளே வேண்டாம், இந்த ஒரு நாள் முறையே போதும் என்பது என் எண்ணம். சாமி நம்பிக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்யலாம். ஒரு நாள் பட்டினி தாங்கும், மோசமான இரண்டாம் நாள் வருவதற்குள் விரதம் முடிந்துவிடுகிறது. பிடித்திருந்தால் அடுத்த மாதம் மூன்று நாளுக்குப் போகலாம். இதில் ஒரு குறை உண்டு. ஒரு நாளில் பழக்கம் மாறாது. ராத்திரி நொறுக்குத் தீனியை விட வேண்டும் என்பது நோக்கமாக இருந்தால் மூன்று நாள் கொஞ்சம் உதவுகிறது.

ஐந்து நாள், ஏழு நாள் என்று நீளமாகச் செய்ய ஆசைப்படுகிறவர்கள் வீட்டில் தனியாகச் செய்யவே கூடாது. இயற்கை மருத்துவ முறையில் சாறு உண்ணாநோன்பு ஒரு சிகிச்சையாகவே இருக்கிறது. ஐந்தரை வருஷம் படித்துப் பட்டம் வாங்கிய மருத்துவர்கள் இருக்கிறார்கள். சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அப்படி ஒரு இடத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொண்டு செய்வது வேறு, வாட்ஸ்அப்பில் வரும் அறிவுரையை நம்பிச் செய்வது வேறு.

யார் தொடவே வேண்டாம்

தங்கையின் வீட்டுக்காரரும் சேர்ந்து செய்கிறேன் என்றாராம். அவருக்குச் சர்க்கரை நோய், கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுகிறார். வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். அந்த மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரும். சாத்துக்குடி, ஆப்பிள் என்று குடித்தால் அதே நாளில் எகிறவும் செய்யும். டபாகிளிஃப்ளோசின் என்ற இன்னொரு வகைச் சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுபவர்கள் பட்டினி கிடந்தால், ரத்தச் சர்க்கரை அதிகம் ஏறாமலே ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு இது விஷப்பரீட்சை. ஜூஸ், இளநீர் எல்லாவற்றிலும் பொட்டாசியம் நிறைய. ஒரு டம்ளர் இளநீரிலேயே 400 முதல் 600 மில்லிகிராம் இருக்கலாம். பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது, இதயத் துடிப்பே தடுமாறிப் போகும். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், ஏற்கெனவே எடை குறைவாக இருப்பவர்கள், சாப்பாட்டைக் கண்டாலே பயமோ குற்ற உணர்வோ வருகிறவர்கள், இவர்களுக்கும் இது வேண்டாம். கடைசியில் சொன்னவர்களைப் பற்றி எனக்குக் கூடுதல் கவலை. அவர்களுக்கு இந்த மூன்று நாள் மூன்று நாளோடு நிற்காமல் போகலாம்.

யாராக இருந்தாலும் மயக்கம், நெஞ்சு படபடப்பு, நிற்காத வாந்தி, பேச்சில் குழப்பம் என்று எது வந்தாலும் அன்றோடு நிறுத்திவிட வேண்டும். உடனே ஏதாவது சாப்பிட வேண்டும், அப்போதும் சரியாகவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாக்குப்பிடிப்பதில் ஒரு பெருமையும் இல்லை.

தங்கைக்கு நான் சொன்னது

முதலில் காபி. விரதத்துக்கு ஒரு வாரம் முன்பே குறைக்க ஆரம்பிக்க வேண்டும். நான்கு டம்ளர் என்றால் இரண்டு நாளுக்கு ஒரு டம்ளர் வீதம் குறைத்து ஒன்றுக்கு வருவது. பிறகு அந்த ஒன்றிலும் டிகாஷனைப் பாதியாக்குவது. ஒரு வாரம் பொறுமை இல்லை என்றால், விரத நாட்களிலும் காலையில் ஒரு சின்ன டம்ளர் வரக்காபியை வைத்துக்கொள்ளலாம். விரதம் கெட்டுப்போகாது. டீ குடிப்பவர்களுக்கும் இதேதான், டீயில் காஃபீன் கொஞ்சம் குறைவு என்பதால் அவ்வளவு சிரமம் இருக்காது.

அடுத்தது எந்தக் கிழமையில் தொடங்குவது. எல்லோரும் திங்கட்கிழமை என்கிறார்கள், புது வாரம் புது ஆரம்பம் என்று. எனக்கு வெள்ளிக்கிழமைதான் சரியாக வருகிறது. முதல் நாள் ஆபீஸ் வேலையில் கவனம் ஓடிவிடும், பெரிதாகத் தெரியாது. கஷ்டமான இரண்டாம் நாள் சனிக்கிழமையாக அமைந்தால் வீட்டில் படுத்துக்கொள்ளலாம். திங்களில் தொடங்கினால் அந்த இரண்டாம் நாள் மீட்டிங்குகளுக்கு நடுவில் வந்து மாட்டும்.

ஆனால் வீட்டில் இருப்பதில் ஒரு சங்கடம் உண்டு, அது சமையலறை. இதைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, ஒருவேளை எழுதுகிறவர்கள் வீட்டில் வேறு யாரோ சமைப்பதாலோ என்னவோ. நாம் ஜூஸ் குடித்தாலும் பிள்ளைகளுக்குச் சாம்பார் வைத்துத்தானே ஆக வேண்டும்? நெய்யில் கடுகு, பெருங்காயம் தாளிக்கிற வாசனை வரும்போது, எந்த வைராக்கியமும் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். உப்புப் பார்க்கவும் முடியாது. என் இரண்டாவது தடவையில் பசியைவிட இதுதான் வாட்டியது. பிள்ளைகளுக்குத் தோசை வார்த்துக்கொண்டே அழுகை வந்தது எனக்கு. ஆகவே அந்த இரண்டாம் நாள் மதியச் சமையலை வீட்டில் வேறு யாராவது எடுத்துக்கொள்வார்களா என்று முன்கூட்டியே பேசிவிட வேண்டும். ஜூஸ் பட்டியலைவிட இது முக்கியம்.

தொடங்குவதற்கு முந்தின நாள் பொரித்தது, கறி, இனிப்பு வேண்டாம். ராத்திரி கஞ்சியோ இட்லியோ போதும். விரதம் தொடங்கியதும் காலையில் வடிகட்டாத வெள்ளரி தக்காளி, பதினொரு மணிக்கு இளநீர், மதியம் கேரட்டோடு கொஞ்சம் பீட்ரூட், மூன்றரைக்கு உப்புப் போட்ட நீர்மோர், ஐந்தரைக்கு ஒரு டம்ளர் சாத்துக்குடி, ஏழு மணிக்குச் சாப்பாடு. பழச்சாறு இந்த ஒன்றுதான், மற்ற ஜூஸெல்லாம் காய். நீர்மோர் ஜூஸ் இல்லை என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, எனக்கு அந்த மூன்றரை மணிச் சோர்வைப் போக்கியது அதுதான். நடுவில் தாகம் எடுத்தால் தண்ணீர், சீரகத் தண்ணீர். மூன்று நாளும் ஜிம், ஓட்டம் எல்லாம் வேண்டாம், சாயங்காலம் மெதுவாக நடந்தால் போதும். முடித்ததும் நேராகப் பரோட்டாவுக்குப் போகாமல் ஒரு நாள் இட்லி, ரசம் சாதம் என்று ஏற வேண்டும்.

பாட்டில் பேக்கேஜைத்தான் வாங்குவேன் என்று இன்னும் ஆசைப்பட்டால் ஒரு நாளுக்கு மட்டும் வாங்கு, அதுவும் ஆபீஸ் போகும் வெள்ளிக்கிழமைக்கு என்றேன். யோசித்துவிட்டு, வேண்டாம், மிக்ஸியிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

நேற்றுப் பேசும்போது காபி மூன்று டம்ளருக்கு வந்திருந்தது. லேசாகத் தலை கனக்கிறது, ஆனால் வேலை செய்ய முடிகிறது என்றாள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை தொடங்குகிறாள். சனிக்கிழமை மதியம் அவள் பிள்ளைகளுக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் இங்கேயே சமைத்து, கேரியரில் நான் எடுத்துக்கொண்டு போகிறேன்.